72 மணி நேரம் என்பது காத்திருப்பதற்கான அவகாசம் அன்று

ஐயா,

பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் அவசரகாலக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும் என்ற குறிப்பை, மூன்றாம் நாள் மாலை வரை பொறுத்திருக்கலாம் என்று பலர் பொருள்கொள்வதைச் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில் கண்டிருக்கிறேன். 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட அம்மாத்திரை, சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதன் மூலமே முதன்மையாகச் செயல்படுகிறது என்பதால், முட்டை வெளிவந்துவிட்ட பிறகு அதனால் பெரும்பயன் இல்லை. எனவே எவ்வளவு விரைவாக எடுத்துக்கொள்கிறோமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே தரித்த கருவை அது கலைப்பதில்லை. இதைக் கருக்கலைப்பு மாத்திரையோடு குழப்பிக்கொள்வோர் (மருந்துக்கடைக்காரர்கள் சிலரும் உட்பட) இன்றும் இருக்கிறார்கள்.

மருத்துவர் சீட்டின்றி விற்கலாம் என்ற நிலையிலும், கடலூரில் நான் விசாரித்த கடைகளில் ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலே கிடைத்தது. இதற்காகப் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறும் பெண்ணுக்கு, அலையும் பொழுதெல்லாம் மாத்திரையின் பலனிலிருந்தே கழிகிறது.

உட்கொண்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒரு மாத்திரை தேவைப்படும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளும் அதன் வீரியத்தைக் குறைக்கும். தாமதமாகிவிட்டவர்கள், 5 நாட்களுக்குள் கருப்பையில் பொருத்தினால் 99 விழுக்காட்டுக்கு மேல் பலனளிக்கும் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் பற்றி அரசு மருத்துவமனையில் கேட்கலாம். மாத்திரை எல்லாக் கடைகளிலும் தடையின்றிக் கிடைப்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற செவிலியர், மஞ்சக்குப்பம், கடலூர்