கோவில்பட்டியிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள். உன் மகள் பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டாள் என்று படித்ததும், முந்தாநாள்தான் அவளைத் தொட்டிலில் பார்த்த மாதிரி இருந்தது.

"ஆக்சிடென்ட் கேஸ் பார்க்கிற வக்கீல்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் என்கிறார்களே, அவளை உன்னிடம் ஜூனியராக அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறாய். உன் இடத்தில் நானும் கேட்டிருப்பேன். அந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது. அடிபட்டவர் கண் திறப்பதற்குள் வக்காலத்தை நீட்டுகிற கமிஷன் ஆட்கள் எந்த ஊரில் இல்லை? கட்சிக்காரருக்கு வரும் இழப்பீட்டில் வக்கீல் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அமெரிக்காவில் அதுதான் வழக்கமாம், இங்கே கூடாது. ஆனாலும் கட்சிக்காரரே "எத்தனை பெர்சென்ட்டும்மா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். இல்லை என்றால் சந்தேகமாகப் பார்க்கிறார்.

திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? டார்ட்ஸ் பேப்பரில், அதாவது ஒருவர் கவனக்குறைவால் இன்னொருவருக்கு வரும் தீங்குக்கு இழப்பீடு கேட்கிற சட்டத்தில், இஞ்சி பீர் பாட்டிலில் நத்தை கிடந்த ஸ்காட்லாந்து வழக்கு. 1932 தீர்ப்பு. அதை விழுந்து விழுந்து படித்தோம். மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பேப்பரின் கடைசியில் வரும், தேர்வுக்கு முந்தின ராத்திரி புரட்டியதோடு சரி. இன்று எனக்குச் சோறு போடுவது அந்தக் கடைசிப் பகுதிதான். நீ பேங்க் பரீட்சை எழுதித் தப்பித்தாய். நான் சீனியரிடம் பஸ் காசுக்கு வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் அப்பீல் என்றால் சென்னைக்கு ராத்திரி ரயில். 2004 ஜூலையில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வந்த பிறகுதான் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப முடிந்தது.

தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கட்சிக்காரர்களின் வீடுகள். நம் பக்கத்தில் யாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது, சொல்? போன வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். வயது 38. நாற்கரச் சாலையைக் கடக்கும்போது வேன் இடித்து, வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று எழுதியது. மாதம் ஒன்பதாயிரம் சம்பாதித்தேன் என்கிறார், காகிதம் ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிய பிறகுதான் ஏஜென்ட் வாரம் வாரம் கொடுத்த துண்டுச் சீட்டுகள் அரிசி டப்பாவிலிருந்து வெளியே வந்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஏஜென்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். மனுஷன் வரமாட்டேன் என்று படுத்திய பாடு தனிக் கதை.

கணக்கைப் பார். 40 வயதுக்குள் என்பதால், 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி வருமானத்தோடு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேரும். 2009 சரளா வர்மா தீர்ப்புப் பட்டியலில் அந்த வயதுக்குப் பெருக்கெண் 15, அதாவது வருஷ வருமானத்தை 15-ஆல் பெருக்க வேண்டும். ஆக மொத்தம் 22,68,000 ரூபாய். இதில் 30 சதவீதம் என்றால் 6,80,400. ஆனால் 2010 ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, பிழைப்பில் எத்தனை போனது என்பது வேறு. கை போன குமாஸ்தாவும் கை போன தச்சரும் ஒன்றல்ல. விரலை நம்பிப் பிழைத்தவர் இந்த அம்மா. ஒரு காலிப் பெட்டியைக் கொடுத்து, கோர்ட்டிலேயே ஒட்டச் சொன்னேன். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி பார்த்துக்கொண்டே இருந்தார். பாதிப் பிழைப்பு போனதாக வைத்து 11,34,000 கொடுத்தார், வைத்தியச் செலவு தனி. இன்சூரன்ஸ் தரப்பு அப்பீல் போயிருக்கிறது, அது கிடக்கட்டும்.

அவார்டு, அதாவது இழப்பீட்டுத் தீர்ப்பு, வாங்கினால் வேலை முடிந்தது என்று உன் மகள் நினைக்க வேண்டாம். அரசு பஸ் இடித்த கேஸ்களில் பணம் வராமல் வருஷக்கணக்கில் இழுக்கும். அப்புறம் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவோடு பஸ் ஸ்டாண்டில் போய் பஸ்ஸை ஜப்தி செய்ய வேண்டும். இறக்கிவிடப்பட்ட பயணிகள் நம்மைத்தான் திட்டுவார்கள், அதில் ஒருவர் நம் தெருக்காரராகவும் இருப்பார்.

அதனால் அனுப்பலாமா என்றால், அனுப்பு. வருமானம் ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது, அதை மட்டும் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடு. நான் மாதம் ஒரு தொகை கொடுப்பேன், என் சீனியர் மாதிரி பஸ் காசோடு நிறுத்தமாட்டேன். கமிஷன் ஆட்கள் என் ஆபீஸ் படி ஏறுவதில்லை, அதனால் கேஸும் கொஞ்சம் குறைவுதான். முதல் ஆறு மாதம் குறுக்கு விசாரணை, வாதம் என்று ஆசைப்படக் கூடாது. கேஸ் கட்டு படிக்க வேண்டும், ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க வேண்டும், கட்சிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடச் சட்டம் சொல்வதால், தேதியைக் குறித்து வைக்க எனக்கும் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டுவாளா? லைசென்ஸ் இல்லையென்றால் இப்போதே எடுக்கச் சொல். மே மாதம் கோர்ட் லீவு, ஜூனில் வரட்டும். லேடீஸ் ஹாஸ்டலில் இடம் கேட்டு வைக்கிறேன், கிடைக்காவிட்டால் எங்கள் மாடி அறை இருக்கிறது. எது சரிப்படும் என்று அவளிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தா