சூட்கேஸும் தேங்காய் எண்ணெயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் கோடைப் பயணத்துக்குப் பெட்டி அடுக்குவது பற்றி வந்த குறிப்புகளைப் படித்தேன். எல்லாத் துணியையும் பாய் மாதிரி சுருட்டி வைத்தால் இடம் மிச்சமாகும் என்று எழுதியிருந்தது. டி-ஷர்ட், பனியன், நைட்டி என்றால் சரி. கஞ்சி போட்ட காட்டன் புடவையைச் சுருட்டி வைத்தால் போன இடத்தில் பிரித்துக் கட்ட முடியுமா? எழுதியவர் புடவை கட்டுபவர் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

சுருட்டுவதா மடிப்பதா என்பதெல்லாம் அப்புறம். எங்கள் வீட்டில் பெட்டி பிதுங்குவதற்குக் காரணம் "எதுக்கும் இருக்கட்டும்" என்கிற பேச்சுதான். நான் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து அடுக்க ஆரம்பித்தால் போதும், ஆளாளுக்கு வந்து ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள்: இன்னொரு துண்டு, இன்னொரு செருப்பு, இரண்டு எவர்சில்வர் டம்ளர், மூன்று வருஷமாக யாரும் ஊதாத ஊதுதலையணை. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம் என்று ரயில்வே சொல்கிறது, சரி, அந்த 40 கிலோவை யார் தூக்குவது?

இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம் ஐந்து பேராக ஊட்டி போனோம். எல்லோருக்கும் சேர்த்து 28 இஞ்ச் சூட்கேஸ் ஒன்று. நீலகிரி எக்ஸ்பிரஸில் அது சீட்டுக்கு அடியில் போகவே இல்லை, ராத்திரி பூரா பாத்ரூம் போகிறவர்கள் எல்லாம் அதில் இடித்துக்கொண்டார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மலை ரயிலில் ஏறியபோதுதான் நிஜமான கஷ்டம் தெரிந்தது. அந்தக் குட்டிப் பெட்டிகளில் நம் முழங்காலை வைக்கவே இடம் பற்றாது. 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஊட்டி போய்ச் சேர கிட்டத்தட்ட மதியம் ஆகிவிடும், அதுவரை என் கணவர் சூட்கேஸ் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குன்னூர் வந்ததுகூட அவருக்குத் தெரியாது.

அறைக்குப் போய்த் திறந்தால், மாமியாரின் தேங்காய் எண்ணெய் பாட்டில் கசிந்திருந்தது. பாதி காலியான பாட்டில், படுக்க வைத்திருந்தேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியே தள்ளிவிடும் என்று பிறகு என் பையன் விளக்கினான். (கூட வாங்கிப் போன சிப்ஸ் பாக்கெட்டும் தலையணை மாதிரி உப்பியிருந்தது, அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் இல்லையா, என் பட்டு ரவிக்கையின் கையில் மெழுகுவத்தி உருகிக் காய்ந்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். கறை இன்னும் இருக்கிறது.

இப்போது எண்ணெயை வாய் அகன்ற சின்ன டப்பாவில் எடுத்துப் போகிறேன். அங்கே உறையத்தானே போகிறது, விரலால் வழித்துக்கொள்ளலாம். ஷாம்பூ பாட்டிலை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுகிறேன், மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் கவர். தண்ணீருக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அதில் மட்டும் "இருக்கட்டும்" செல்லும்.

துணி பிரித்து வைக்க ஆன்லைனில் காசு கொடுத்துப் பைகள் வாங்கச் சொல்லியிருந்தீர்கள். எதற்கு? கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பை எல்லார் வீட்டிலும் ஒரு பீரோ தட்டு நிறைய இருக்கும். ஆளுக்கு ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொண்டோம். பெரியவள் துணி சித்தப்பா மகள் கல்யாணப் பையில், பையன் துணி எதிர்வீட்டுக் கல்யாணப் பையில். யாருக்கு ஒரு பனியன் வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் கலைக்க வேண்டாம். பெரிய சூட்கேஸ் பரணுக்குப் போய்விட்டது, இரண்டு சின்ன பெட்டிகள்தான் இப்போது. அவரவர் துணியை அவரவர்தான் அடுக்க வேண்டும், பை நிறைந்துவிட்டால் அவ்வளவுதான். உங்கள் குறிப்புகளில் இதை ஏன் ஒரு வரிகூடச் சொல்லவில்லை? வீட்டில் எல்லோருக்கும் அம்மாதான் அடுக்குவாள் என்று முடிவே கட்டிவிட்டீர்களா?

இன்னொன்று, மலைக்கு ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈர ஜீன்ஸின் கனம் தூக்கியவருக்குத்தான் தெரியும். தடியான ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிசாக இரண்டு நல்லது, வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். திரும்பும்போது வர்க்கியும் தைலமும் வராமல் இருக்காது, அதற்குப் பெட்டியில் கால்வாசி காலியாக இருக்கட்டும். வர்க்கியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போனால் தூளாகத்தான் வீடு வரும்.

இந்த மே மாதம் கொடைக்கானல். டப்பாவில் எண்ணெய் போதாதாம், பாட்டிலைத் தன் கைப்பையிலேயே கொண்டு வருவதாக மாமியார் சொல்லிவிட்டார். நான் அந்தப் பை பக்கம் உட்காரப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை