1919-ல் ஏதுங்க கம்ப்யூட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் 30 வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். கேரளத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வருவது தமிழ்ப் பேப்பர்தான். ஞாயிறன்று அமெரிக்க எலக்ட்ரிக்கல் எஞ்சினியர், பேராசிரியர் எடித் கிளார்க்கைப் பற்றிக் கால் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில், ‘கம்ப்யூட்டர் பிரிவில் பணியாற்றினார்’ என்று ஒரு வரி. 1919-ல் ஏதுங்க கம்ப்யூட்டர்? அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்ட ஆட்களுக்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங்கில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். அவருக்கே எஞ்சினியர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் கணக்குப் போடும் பெண்களை மேய்க்கும் வேலைதான் கிடைத்தது. 1921-ல் அதை விட்டுவிட்டுத் துருக்கிக்குப் போய்ப் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தார். மறு வருஷம் அதே கம்பெனி அவரை எஞ்சினியராகவே எடுத்துக்கொண்டது. உங்கள் ஒரு வரியில் இத்தனையும் அடிபட்டுப் போயிற்று.

1947-ல் டெக்சாஸில் பேராசிரியர் ஆனார் என்று தலைப்பிலேயே போட்டீர்கள், சரி. அப்போது அவருக்கு 64 வயசு, ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போனவர் என்பதை ஏன் விட்டீர்கள்?

போன மாசம் வடகரப்பதியிலிருந்து ஒரு கிணற்று மோட்டார் வந்தது. கழற்றினால், கரண்டு வரும் மூன்று பேஸில் (மூன்று லைனில்) இரண்டு பேஸின் காயில் கரிக்கட்டை. மூன்றாவதில் வார்னிஷ் மினுக்கம்கூடப் போகவில்லை. மூன்று காயிலின் முனைகளை ஓரிடத்தில் சேர்த்துக் கட்டிய ஸ்டார் கனெக்‌ஷன், ஒரு பேஸ் போன பிறகும் ஓட விட்டிருக்கிறார்கள். பார்த்ததும் சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால்தான் எனக்குத் தெரியாது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் சொன்னாள்: தாறுமாறான மூன்று பேஸை, நேராகச் சுற்றுவது, எதிராகச் சுற்றுவது, சுற்றாமல் நிற்பது என்று பிரித்துவிடலாமாம். அந்த எதிர்ச்சுற்றுதான் மோட்டாருக்குள் சுற்றும் ரோட்டரைப் பின்னால் இழுத்துச் சூடேற்றுகிறது. இப்படிப் பிரிக்கலாம் என்று 1918-ல் சொன்னவர் ஃபோர்டெஸ்கியூ என்ற எஞ்சினியர். வேலையில் இருக்கிற எஞ்சினியருக்கு விளங்கும்படி 1943-ல் பாடநூலாக எழுதியவர் கிளார்க். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டிகளுக்குள் இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு கணக்கு ஓடுகிறது. ‘முதல் பெண்’ என்று நாலு தடவை எழுதிய இடத்தில் இதற்கு ஒரு தடவை இடம் கொடுத்திருக்கலாம்.

திருத்தம் போடுவதானால் அந்தக் கம்ப்யூட்டர் வரியை முதலில் கவனியுங்கள். கடைச் சுவரில் ஒட்ட என் மகள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறாள். நான்தான் பசை எடுக்க விடவில்லை.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.