முப்பத்தெட்டுதானே என்றாய்

அன்பு மகளுக்கு,

அன்றைக்குப் போனில் "38.6தான்பா, ஒண்ணுமில்லை, நேத்தைக்கு இன்னிக்கு ஒரு டிகிரி குறைஞ்சிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்கப்புறம் சத்தமே இல்லை. மாப்பிள்ளையும் போனை எடுக்கவில்லை. வேலையாக இருப்பார்.

நாங்கள் ஃபாரன்ஹீட்டில் காய்ச்சல் பார்த்துப் பழகியவர்கள், நீ சொன்னது செல்சியஸ். முப்பத்தெட்டு என்றதும் அம்மா நிம்மதியாகத்தான் இருந்தாள். உன் தம்பிதான் கெடுத்தான். "ரெண்டால பெருக்கி முப்பதைக் கூட்டும்மா" என்றான். கூட்டினால் 107 வருகிறது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கணக்கு வெயில், குளிருக்குப் பரவாயில்லை. 10 டிகிரியில் கச்சிதமாக 50 வரும். மேலே போகப் போகப் பிசகும். காய்ச்சல் பக்கம் வந்தால் ஆறு டிகிரி வரை கூட்டிக் காட்டும். அவனுக்கு எப்போதுமே அவசரம், உனக்குத் தெரியாததா?

அப்புறம் நான் தாளை எடுத்துப் போட்டேன். எண்ணை இரட்டிப்பாக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்ட வேண்டும். 38.6ஐ இரட்டித்தால் 77.2. அதில் 7.72 போனால் 69.48. 32 சேர்த்தால் 101.48. நூற்றொன்றரை! இதுதான் உனக்கு ஒண்ணுமில்லை.

பதறுவோம் என்றுதானே செல்சியஸில் சொன்னாய்? பள்ளிக்கூடத்திலேயே இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டு விடை சொன்னவள் நீ. தண்ணீரின் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் நடுவே செல்சியஸில் 100 பாகம், ஃபாரன்ஹீட்டில் 32 முதல் 212 வரை 180 பாகம், அதனால்தான் ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுக்கிறோம் என்று எனக்கே விளக்கினாய். எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை என்னிடமே காட்டுகிறாய். 1742இல் செல்சியஸ் முதலில் தன் அளவுகோலைத் தலைகீழாகத்தான் வைத்தார், தண்ணீர் கொதித்தால் 0, உறைந்தால் 100. அவர் காலத்துக்குப் பிறகுதான் திருப்பிவிட்டார்கள். திருப்பாமலே விட்டிருந்தால் காய்ச்சல் ஏற ஏற எண் இறங்கியிருக்கும், உனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த "ஒரு டிகிரி" வேறு. போனில் மாற்றிப் பார்க்கலாம் என்று 1 என்று அடித்தேன். 33.8 என்று காட்டியது. ஒரே நாளில் 33 டிகிரி குறைந்தால் ஆள் இருப்பாரா? அது ஒரு டிகிரி வெப்பநிலைக்கான கணக்கு. ஏற்ற இறக்கத்துக்கு 32ஐக் கூட்டவே கூடாது, 1.8ஆல் பெருக்கினால் போதும். சரி, குறைந்தது 1.8. அப்படியானால் முந்தின நாள் உனக்கு 39.6. போட்டுப் பார்த்தேன், 103ஐத் தாண்டுகிறது. அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? ராத்திரியில் எழுந்து யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அதை நீயாகத்தான் சொல்ல வேண்டும்.

இனிமேல் எண்ணைச் சொன்னால் எந்த அளவு என்றும் சேர்த்துச் சொல். 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. இந்த மூன்றும் இப்போது அம்மாவுக்கே மனப்பாடம், இனி முப்பத்தெட்டு என்று ஏமாற்ற முடியாது. 39.4 என்றால் 103, அதற்கு மேல் போனால் யோசிக்காமல் டாக்டரிடம் போ. மூன்று நாளைக்கு மேல் இழுத்தாலும் போ. சூடாக ஏதாவது குடித்த உடனே வாயில் வைத்துப் பார்க்காதே, அரை மணி கழித்துப் பார். அதேபோல 98.6க்கு இறங்கவில்லையே என்றும் கவலைப்படாதே. வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1868இல் வெளியிட்ட புத்தகத்தில் வந்த 37தான் அது. மாற்றிப் போட்டதில் அந்த .6 ஒட்டிக்கொண்டது. ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை கொஞ்சம் மாறத்தான் செய்யும். உன் கருவி 37.2 காட்டினால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

39.4 என்றால் டாக்டர். ஞாபகம் இருக்கட்டும்.

பேச முடியாவிட்டால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று எண்ணை மட்டும் அனுப்பு. எந்த அளவில் அனுப்பினாலும் சரி, நான் மாற்றிக்கொள்கிறேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அதற்கும் சேர்த்துப் பதில் போடு.

அப்பா