படிக்கட்டில் தூங்கியவன்

அன்புள்ள குமார்,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். எட்டு மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால் இந்தப் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. அடுத்த பத்தியில் வேறு காரணத்துக்குத் திட்ட வேண்டியிருக்கும்.

நேற்று அச்சகத்திலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. அட்டை என் வேலை. பதிப்பாளர் ஆகா ஓகோ என்கிறார். கட்டைப் பிரித்து முதல் பிரதியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அட்டையில் நம் விடுதிப் படிக்கட்டு. மூன்றாவது படியில் முழங்கால் மேல் கையைக் கட்டி, முகத்தைப் புதைத்துத் தூங்குகிறான் பாண்டி. நீ எடுத்த புகைப்படம், குமார். அதைப் பார்த்து வரைந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது. அதை உனக்குச் சொன்னால் சிரிப்பாய்: ரான்சிட், அந்த அமெரிக்க பங்க் ராக் குழு. உன் அத்தை மகன் கொண்டுவந்த அந்த சிடி. வார்டன் கதவைத் தட்டி, 'தகர டப்பாவை உருட்டுவதை நிறுத்துங்கள்' என்றாரே, அதேதான். 'அண்ட் அவுட் கம் த வுல்வ்ஸ்', 1995. பாட்டைவிட அட்டையைத்தான் நாம் அதிகம் பார்த்தோம். தலையில் சேவல் கொண்டை போல முடியை நிமிர்த்திக்கொண்ட ஒருவன் படிக்கட்டில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பான். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு பாண்டியைத் தேடிப் போனாய் என்று நான் சத்தியம் செய்வேன். நீ இல்லை என்பாய்.

சென்ற மாதம் வரையும்போது அந்த சிடியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நமக்கு அப்போது காது இல்லை, மாப்பிள்ளை. 'டைம் பாம்' பாட்டில் கிட்டார் தாளத்தின் தட்டில் விழுவதே இல்லை. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே, அரை இடம் தள்ளி வெட்டி வெட்டி விழுகிறது. ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இசை அதுதான். அதற்கு அடுத்த பாட்டிலேயே பங்க் வேகத்தில் பாய்கிறார்கள். 'மேக்ஸ்வெல் மர்டர்' நடுவில் மாட் ஃப்ரீமேன் பாஸ் கிட்டாரில் விரல்களை ஓடவிடும் இடத்தில் என் தூரிகை நின்றேவிட்டது. 'ஓல்ட் ஃப்ரெண்ட்' என்றும் ஒரு ஸ்கா பாட்டு உண்டு. அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். ஏன் என்று இப்போது உனக்கே புரியும்.

அந்த ஃப்ரீமேனும் ரான்சிட்டின் பாடகர் டிம் ஆர்ம்ஸ்ட்ராங்கும் முன்பு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆபரேஷன் ஐவி என்ற குழுவில் இருந்தவர்கள். 1987 முதல் 1989 வரை, இரண்டே வருடம். ஒரே ஒரு முழு இசைத் தொகுப்பு, 'எனர்ஜி'. அதன் அட்டையை அந்தக் குழுவின் பாடகர் ஜெஸ்ஸி மைக்கேல்ஸே கையால் வரைந்தார். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொடுத்துவைத்தவர்.

ரான்சிட்டின் படிக்கட்டுக்கு ஒரு மூலம் இருக்கிறது. வாஷிங்டன் பக்கத்து மைனர் த்ரெட் குழுவின் 1981 இசைத்தட்டு. மொட்டைத் தலையோடு அதே மாதிரி கவிழ்ந்து உட்கார்ந்திருப்பவன் பாடகர் இயன் மெக்கேயின் தம்பி அலெக். அதைத் தெரிந்தே ரான்சிட் எடுத்தார்கள். ஆனால் தங்கள் ஆளைத் தங்கள் கொண்டை முடியோடு உட்காரவைத்தார்கள். பார்க்கிறவனுக்கு இது யாருக்கு வைத்த வணக்கம் என்று தெரிந்துவிடும். அப்போது எபிக், மடோனாவின் மேவரிக் என்று பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் காசோலையோடு துரத்திக்கொண்டிருந்தன. இவர்கள் எபிடாஃப் என்ற சிறிய கம்பெனியிலேயே நின்றுவிட்டார்கள். சிடியின் தலைப்பில் வரும் 'வுல்வ்ஸ்', அந்த ஓநாய்கள், யார் என்று கேட்கவே வேண்டாம்.

நானும் ஓநாய் இல்லை, வணக்கம்தான் வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வண்ணம் தீட்டி முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் 2005-இல் நடந்த கதை ஞாபகத்துக்கு வந்தது. நைக்கி கம்பெனி தன் ஸ்கேட்போர்டு சுற்றுப்பயணத்துக்கு ஒரு சுவரொட்டி அடித்தது. அதே படி, அதே கவிழ்ந்த தலை. 'மேஜர் த்ரெட்' என்று பெயரைக்கூடத் திருப்பிப்போட்டார்கள். பழைய பூட்ஸ் இருந்த இடத்தில் அவர்களுடைய ஷூ. மைனர் த்ரெட்டின் இசைத்தட்டுக் கம்பெனியான டிஸ்கார்ட்காரர்கள் கொதித்துப்போனார்கள். நைக்கி மன்னிப்புக் கேட்டுச் சுவரொட்டியைத் திரும்பப் பெற்றது.

நேற்று இரவு அட்டையை மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். பாண்டியின் இடது கால் ரப்பர் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறான், நினைவிருக்கிறதா? உன் படத்தில் அந்த ஊக்கு மினுங்கும். நான் அதைக்கூட விடவில்லை. வெள்ளை மையில் ஒரு புள்ளி வைத்து மினுங்கவும் வைத்திருக்கிறேன். ரான்சிட் தங்கள் ஆளைக் கொண்டுவந்தார்கள். நைக்கிகூடச் செருப்பையாவது மாற்றியது. நான் எதையுமே மாற்றவில்லை. உன் வெளிச்சம், உன் கோணம், உன் பாண்டி, உன் ஊக்கு. உரிமைப் பக்கத்தில் மட்டும் 'அட்டை ஓவியம்' என்று என் பெயர்.

பாண்டிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். 'முகம் தெரியவில்லையே, அதுவரைக்கும் சரி' என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. 'குமார் கேமராவை விற்றது உனக்குத் தெரியுமா?' என்றான். எனக்குத் தெரியாது, குமார். நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, எட்டு மாதம்.

கோபம் இருந்தால் முழுதாகக் கோபப்படு, பாதியில் 'பரவாயில்லை விடு' என்று எழுதி என்னைக் கொல்லாதே. ஐந்நூறு பிரதிகளில் நூறு கடைகளுக்குப் போய்விட்டது. மீதி நானூறு என் அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உரிமைப் பக்கத்தில் ஒட்டச் சிறிய ஸ்டிக்கர் அடித்துத் தருவதாகப் பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். ஒட்டுகிற வேலை என்னுடையது, கூலி கிடையாது. 'மூலப் புகைப்படம்' என்று போட்டு உன் பெயர். நீ சம்மதித்தால்தான். வேண்டாம் என்றால் அட்டையையே கிழித்து வேறு போட வேண்டும், அதையும் கேட்டுவைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமைக்குள் சொல். இன்னொன்று, உன் பெயருக்கு முன்னால் இப்போது ஒரு இனிஷியலா, அம்மா பெயரையும் சேர்த்து இரண்டா?

அன்புடன்,
செல்வம்