விமானமே வராத இரவு

அன்புள்ள முரளி,

"போர்ப் பீதியை வைத்துச் சிரிக்கிறார்களே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டிருந்தாய். ஜப்பான் வந்து தாக்கிவிடும் என்று கலிபோர்னியா பயந்து நடுங்கியதைக் கேலி செய்யும் ஸ்பீல்பெர்க்கின் '1941' படத்தைப் பார்க்கச் சொன்னதே நான்தான். பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

படம் முழுக்கக் கத்தலும் உடைசலும்தான், ஒப்புக்கொள்கிறேன். ராட்சத ராட்டினம் கழன்று உருண்டு போய்க் கடலில் விழுகிறது. கொட்டிய பணம் தெரிகிறதே தவிர, சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த வார்ட் டக்ளஸை மறந்துவிட்டாயா? அவருடைய கடலோர வீட்டு முற்றத்தில் ராணுவம் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றை நிறுத்துகிறது. "இதை இழுக்கவே கூடாது, இதை அழுத்தவே கூடாது" என்று சார்ஜென்ட் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறார். மனுஷன் அத்தனையையும் மனப்பாடம் செய்துகொள்கிறார். ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் கண்ணில் பட்டதும் அதே வரிசையில் செய்கிறார். சுடச் சுட அவர் வீடுதான் பொடியாகிறது. கடைசியில் கிறிஸ்துமஸ் மலர்வளையம் மாட்டக் கதவில் ஓர் ஆணி அடிக்கிறார், மிச்ச வீடும் சரிந்து கடலுக்குப் போகிறது.

இதெல்லாம் மிகை என்கிறாய். நிஜத்தில் நடந்ததைக் கேள். 1942 பிப்ரவரி 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று சான்டா பார்பரா பக்கம் ஓர் எண்ணெய் வயலைச் சுட்டது. மறுநாள் இரவு லாஸ் ஏஞ்சலஸில் சங்கு ஊதியது. விடிவதற்குள் 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளை வானத்தை நோக்கிச் சுட்டுத் தள்ளினார்கள். மேலே ஒரு எதிரி விமானம்கூட இல்லை. செத்தவர்கள் இருட்டில் கார் மோதியும் மாரடைப்பு வந்தும் செத்தார்கள். கடற்படை அமைச்சர் வெறும் புரளி என்றார். போர்த்துறை அமைச்சரோ 15 விமானங்கள் வரை வந்திருக்கலாம் என்றார்!

எனக்கு உள்ள குறை வேறு. அதே பிப்ரவரி 19-இல்தான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்குப் போக வைத்த ஆணை. படமோ கதையை 1941 டிசம்பருக்கு நகர்த்திக்கொண்டு நழுவிவிட்டது. எனக்கு நினைவிருக்கும் ஜப்பானியர் எல்லாம் நீர்மூழ்கிக்குள்தான் இருக்கிறார்கள், ஜப்பானிய நடிகர் மிஃபுனே உட்பட.

அதே 1942 ஏப்ரலில், கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்த கையோடு, மெட்ராஸும் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது உனக்குத் தெரியும். எங்கள் தாத்தா அவசரத்தில் முதலில் மூட்டை கட்டியது ஹார்மோனியத்தை. அரிசியும் துணிமணியும் அப்புறம்தானாம். எழும்பூர் ஸ்டேஷன் கூட்டத்தில் யாரோ இடித்ததில் அது தானாக ஒரு சுரம் பிடித்ததைப் பாட்டி நடித்தே காட்டுவாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். குண்டு விழுந்தால் தப்பி ஊருக்குள் வந்துவிடுமென்று மிருகக்காட்சி சாலைப் புலிகளையும் சிங்கங்களையும் சுட்டுக் கொன்ற கதையைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

சரி, இன்னொரு முறை பார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
ரகு