பதினெட்டாம் நாளில் மாறிய காரணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலப் படங்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு திரைப் பக்கத்தில் வந்த கட்டுரை, 2006-இல் வெளியான ‘அண்டர்வேர்ல்ட்: எவல்யூஷன்’ படத்தில் அடிதடி மிகுந்துபோனதால்தான் கதை கெட்டது என்று கூறியிருந்தது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. விடிய விடியப் போர் நடக்கும் பாரதக் கூத்தைப் பார்த்து வளர்ந்த வடஆற்காட்டுக்காரனுக்குச் சண்டை ஒரு குறையாகத் தோன்றாது. அந்தப் படத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது.

கோடை விடுமுறைக்குக் குடியாத்தம் வந்திருந்த என் பேரன் இரு பாகங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். 2003-இல் வந்த முதல் பாகம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. தன் குடும்பத்தைக் கொன்றவர்கள் ஓநாய் மனிதர்களே என்று நம்பி நூற்றாண்டுக் கணக்கில் அவர்களை வேட்டையாடி வரும் செலீன் என்னும் ரத்தக் காட்டேரி, அந்தக் கொலைகளைச் செய்தவர் தன்னை மகளைப் போல வளர்த்த காட்டேரித் தலைவர் விக்டர்தான் என்பதை இறுதியில் அறிகிறாள். ரத்த வேட்கை தணிக்க அந்த வீட்டுக்குள் புகுந்தவர், முன்னர் தாமே மரண தண்டனைக்கு ஆளாக்கிய சொந்த மகளின் சாயலை இவள் முகத்தில் கண்டு இவளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். அதனால்தான் அவருடைய தலையைச் செலீன் வாளால் பிளக்கும்போது, பழி தீர்ந்தது என்ற நிறைவோடு, பெற்ற தகப்பனைப் பறிகொடுத்தவள் வளர்த்த தகப்பனையும் இழக்கிறாளே என்ற இரக்கமும் பார்ப்பவருக்கு உண்டாகிறது.

இரண்டாம் பாகம் இந்தக் காரணத்தையே மாற்றிவிடுகிறது. முதல் ஓநாய் மனிதனான வில்லியமை அடைத்து வைத்த சிறையைக் கட்டியவர் செலீனின் தந்தையாம். அந்தச் சிறை இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே விக்டர் அக்குடும்பத்தை அழித்தாராம். பேரன் படத்தை நிறுத்திவிட்டு, “தாத்தா, ரகசியத்துக்காகக் கொன்னவர், அந்த இடத்தைப் பார்த்த பொண்ண மட்டும் ஏன் வீட்டுலயே வெச்சு வளர்த்தார்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. இந்தக் காட்டேரிகளுக்கு ஒருவரின் ரத்தத்தைக் குடித்தால் அவருடைய நினைவுகள் தெரிந்துவிடும். அப்படியிருக்க, சிறைக்கு வழி தெரிந்த ஒரே உயிரை, வில்லியமின் உடன்பிறந்தவனான மார்க்கஸ் உறங்கும் அதே மாளிகையில் விக்டர் வைத்திருந்தார். மகளின் சாயல் என்ற பழைய விடை முதல் பாகத்தில் போதுமானதாக இருந்தது. கொலையே ரகசியத்துக்காகத்தான் என்று ஆக்கிய பிறகு அது போதவில்லை.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து நடக்கும். துகிலுரிதல் இரவன்று பீமன் துரியோதனனின் தொடையைப் பிளப்பதாகச் சூளுரைக்கிறான். திரௌபதி கூந்தலை முடிய மாட்டேன் என்கிறாள். அதற்குப் பல நாள் கழித்து வரும் படுகளம் என்னும் போர்க்கள நிகழ்ச்சியில், மண்ணால் செய்து நெடுகக் கிடத்தியிருக்கும் துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்படுகிறது. அதன் பிறகே திரௌபதி கூந்தலை முடிகிறாள். அடுத்து நடக்கப்போவது இன்னதென்று அறிந்த கூட்டம் மூச்சடக்கி நிற்பதற்குக் காரணம், அன்று சொன்ன சொல் இன்று வரை மாறாமல் இருப்பதுதான். பதினெட்டாம் போரன்று கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் திரை முன் வந்து, “சபையில் நடந்தது அவமானப்படுத்துவதற்காக அல்ல, பாஞ்சாலி ஒரு சாவியை ஒளித்து வைத்திருந்தாள், அதைத் தேடத்தான்” என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் அவனைச் சும்மா விடுவார்களா?

நான் வேடிக்கைக்காகச் சாவி என்று எழுதவில்லை. இந்தப் படமே வில்லியமின் சிறைச் சாவியின் இரண்டு பாதிகளைத் தேடும் கதைதான். ஒரு பாதி கழுத்தணியாக இருக்கிறது, மற்றது விக்டரின் உடலுக்குள் இருக்கிறது.

விதிகளும் இப்படியே நழுவுகின்றன. முதல் பாகத்தில் துயில் எழுப்பப்படும் விக்டர், எழுப்பியவளின் ரத்தத்தில் வந்த நினைவுகள் ஒழுங்கின்றிக் குழம்பிக் கிடப்பதாகக் கடிந்துகொள்கிறார். இரண்டாம் பாகத்தில் மார்க்கஸ் எவர் ரத்தத்தைக் குடித்தாலும் வேண்டிய செய்தி பிசகாமல் கிடைத்துவிடுகிறது. முதல் காட்டேரியான மார்க்கஸ் இறந்தால் காட்டேரி இனமே அழியும் என்ற அச்சத்தால்தான் விக்டர் அவனைத் தொடாமல் இருந்தார். இறுதியில் ஹெலிகாப்டர் சிறகுகளில் சிக்கி அவன் சிதைகிறான், இனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்பில் இரும்பு பாய்ந்து செத்துக் கிடந்த செலீனின் காதலன் மைக்கேல், சரியான நேரத்தில் கண் விழித்துச் சண்டைக்கு வந்துவிடுகிறான். செலீனுக்கு வெயிலும் சுடாமல் போகிறது.

படத்தில் என்னைக் கட்டிப்போட்டவர் ஒருவர் உண்டு. மார்க்கஸ், வில்லியம் என்னும் இரு பிள்ளைகளும் செய்த அழிவின் தடயங்களை நூற்றாண்டுகளாகத் துடைத்துக்கொண்டு, அவர்களைக் கொல்லவும் மனமின்றிக் கப்பலில் காத்திருக்கும் தந்தை அலெக்ஸாண்டர் கார்வினஸ். டெரிக் ஜேக்கபி அந்தத் தளர்ந்த மனத்தைக் குரலிலேயே காட்டுகிறார். நான் திருதராட்டிரனைப் பார்த்தேன். இயக்குநர் லென் வைஸ்மேன் இந்த மனிதரை மையத்தில் வைத்திருந்தால், எத்தனை சண்டை வந்திருந்தாலும் தாங்கியிருக்கும். அவரோ சில காட்சிகளில் மகன் மார்க்கஸால் குத்துண்டு, தம் ரத்தத்தைச் செலீனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

எனவே, இத்தகைய தொடர்பாகங்களுக்கு மதிப்பெண் இடும் தங்கள் விமர்சகர், முதல் பாகம் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு வரியில் சொன்னால் என் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். 2009-இல் வந்த மூன்றாம் பாகத்தில் விக்டருடைய மகளின் கதை வருகிறது என்று பேரன் சொல்கிறான். அதை மட்டும் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.